பல்செட்டுக்காரரும் பெட்டியின் நடுக்கமும்

அந்தத் தெருவில் அறுபதைத் தாண்டியவர்களில் பாதிப் பேர் வாய்விட்டுச் சிரிப்பது அவர் புண்ணியத்தில்தான். பல் டாக்டரம்மா நோயாளியின் வாயில் அச்செடுத்துப் பின்னறைக்கு அனுப்புவார். அதை வைத்து மெழுகில் ஈறு கட்டி, பல் அடுக்கி, ராவி, மெருகேற்றி, ஒரு சின்ன டப்பாவில் போட்டு முன்னறைக்கு அனுப்புவது இவர் வேலை. அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் பல்செட்டுக்காரர் என்று விசாரித்தால்தான் யாரும் வீட்டைக் காட்டுவார்கள்.

கிளினிக்கின் பின்னறையில் அவருக்கு ஒரு நீள மேசை. ஒரு பாதியில் பல், மறுபாதியில் அக்கார்டியன். இரண்டுக்கும் ஒரே அரம், ஒரே மெழுகு விளக்கு, ஒரே பூதக்கண்ணாடி. பல்லுக்கு வந்தவர்கள் எட்டிப் பார்த்தால் அக்கார்டியன் வயிறு கிழிந்து கிடக்கும். தன் பல்லும் இப்படித்தான் எங்கேயோ கிடக்கிறது என்று பயந்துகொண்டு போவார்கள். ஆனால் சொன்ன நாளில் பல் வந்துவிடும், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

வீட்டிலும் கிளினிக்கிலும் அந்த அக்கார்டியனுக்குப் பெயர் பெட்டி. இருபத்து நான்கு வயதில், கலைந்துபோன ஒரு இசைக்குழுவிடமிருந்து வாங்கியது. முப்பத்து நான்கு கட்டைகள், சின்ன ரகம். ஒவ்வொரு கட்டையை அழுத்தும்போதும் உள்ளே இரண்டு ரீடுகள் சேர்ந்து ஒலிக்கும். ஒன்றை மட்டும் பேசவைக்க விலை உயர்ந்த பெட்டிகளில் ஸ்விட்ச் இருக்கும், இதில் கிடையாது. ரீடு என்றால் வேறொன்றும் இல்லை, ஒரு தகட்டில் அடித்த மெல்லிய உலோக நாக்கு. காற்று போனால் அது துடிக்கும், சத்தம் வரும். பெட்டியை விரிக்கும்போது ஒலிக்க ஒரு நாக்கு, மூடும்போது ஒலிக்க தகட்டின் மறுபுறம் இன்னொரு நாக்கு.

பெட்டியை வாங்கிய ஒரு வாரத்திலேயே ஸ்குரூடிரைவரை எடுத்துவிட்டார். சும்மா இருக்க முடியாத கை. முன்பக்கத்துத் தகட்டில் இருந்த பூ வேலைப்பாட்டை வெட்டி ஓட்டைகளைப் பெரிதாக்கினார். சத்தம் பளிச்சென்று வெளியே வந்தது. கூடவே கட்டைகள் அடித்துக்கொள்ளும் டக்டக் சத்தமும் வந்தது. அதை அடக்கக் கட்டைகளுக்கு அடியில் கம்பளித் துணி ஒட்டினார். டக்டக் போனது, ஆனால் கட்டை அழுத்தினால் சோற்றுக்குள் விரலை விட்டது போல இருந்தது. துணியை மெல்லியதாக்கினார். இப்படி ஒன்றை மாற்றினால் அது இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வரும். அவருக்கு அதுதான் சந்தோஷம்.

ஒரு தடவை ரீடுகளை ஒட்டியிருந்த பழைய மெழுகைச் சுரண்டிவிட்டு, பல்லுக்கு வைத்திருந்த மெழுகை ஊற்றினார். எவ்வளவு வழவழப்பு, எவ்வளவு அழகு என்று டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு கல்யாண வீட்டில், நல்ல வெயிலில், பந்தலுக்குள் வாசித்துக்கொண்டிருந்தபோது அந்த மெழுகு இளகி, ரீடுகள் ஒன்றன் பின் ஒன்றாகப் பெட்டிக்குள் விழுந்தன. பாட்டு முடிவதற்குள் பெட்டி கிலுகிலுப்பை ஆகிவிட்டது. அதற்குப் பிறகு தேன்மெழுகில் பிசின் கலந்து ஒட்டக் கற்றுக்கொண்டார்.

ஆனால் அவர் செய்ததிலேயே பெரிய வேலை நடுக்கம்தான். இரண்டு ரீடுகளும் அச்சு அசலாக ஒரே சுருதியில் இருந்தால் சத்தம் நேராக, கம்பி போல வரும். இரண்டாவதைக் கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று இழுபறி பண்ணி, சத்தம் அலை அலையாக நடுங்கும். நாக்கின் நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். இவர் ஒரு விடுமுறை முழுக்க உட்கார்ந்து இரண்டாவது வரிசை நாக்குகளை நுனியில் சுரண்டித் தள்ளினார். கொஞ்சம் நடுங்கியது. இன்னும் கொஞ்சம் என்றார். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். கடைசியில் அந்தப் பெட்டி, குளிர்காலத்தில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்தவன் மாதிரி நடுங்கியது. மூன்று தெரு தள்ளிக் கேட்டாலும், அது பல்செட்டுக்காரர் பெட்டி என்று சொல்லிவிடுவார்கள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெட்டிக்குப் பாடியது அவருடைய அக்கா.

அவரைவிட எட்டு வயது மூத்தவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். "ஹலோ" என்ற ஒரு சொல்லை வைத்து எதிர்முனையில் இருப்பது யார், சாப்பிட்டாரா, பெண்டாட்டியோடு சண்டையா என்றெல்லாம் சொல்லக்கூடிய காது. வேலை நேரத்தில் சுருக்கமாகப் பேசிப் பேசி அலுத்ததாலோ என்னவோ, மிச்ச நேரமெல்லாம் பாட்டு. கல்யாணம், பள்ளி ஆண்டு விழா, பணி ஓய்வு விழா என்று எங்கே கூப்பிட்டாலும் அக்காவும் தம்பியுமாகக் கிளம்பிவிடுவார்கள். முப்பது வருஷம் இப்படிப் போனது.

அக்காவின் குரல் நல்ல குரல். எல்லாரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு ஒரு "ஆனா" போடுவார்கள். அந்த "ஆனா"வை முதலில் போட்டது ஹெட்மாஸ்டர். எல்லா விழாவிலும் முன்வரிசையில் உட்கார்ந்து, பாட்டு முடிந்ததும் மேடைக்கு வந்து கருத்துச் சொல்லாவிட்டால் அவருக்கு அன்று தூக்கம் வராது.

"குரல் பிரமாதம்மா. ஆனா சுருதியில கொஞ்சம் கீழ நிக்கிறீங்க. ஒரு கால் இஞ்சு."

கால் இஞ்சு என்பது வீட்டில் கிண்டலாகவே ஆகிவிட்டது. அக்கா அலமாரியில் டப்பா எட்டாமல் எம்பினால், "கால் இஞ்சு கம்மிக்கா" என்பார் பல்செட்டுக்காரர். மேடையில் பாடும்போது கண்ணாலேயே, ஏத்து, ஏத்து என்பார். அக்கா கழுத்து நரம்பு புடைக்க ஏற்றுவாள். மறுநாள் தொண்டை கட்டி வெந்நீரும் கையுமாக இருப்பாள். யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டாள். கிண்டலுக்குச் சிரிக்கத்தான் செய்வாள், அது உள்ளே எங்கே போய்த் தங்கியது என்று தம்பி ஒருநாளும் கேட்டதில்லை.

அறுபது தாண்டியதும் அக்காவின் காது மங்கத் தொடங்கியது. கீச்சுக் குரல்களும் குருவிச் சத்தமும் முதலில் போயின. "குருவி எல்லாம் ஊரை விட்டுப் போயிடுச்சு போல" என்றாள் அக்கா. அவள் வீட்டு ஜன்னலிலேயே ஏழெட்டு உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன. அவள் வீட்டுக்காரர், பல்செட்டுக்காரரின் அத்தான், கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காதுக்கு மிஷின் வாங்கி மாட்டினார். பேச்செல்லாம் நன்றாகவே கேட்டது. கேட்க வேண்டாததும் கேட்டது என்று அத்தான் புலம்பினார்.

அப்போதுதான் டாக்டரம்மா, இனி கிளினிக்கை மகளிடம் கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கப் போவதாக அறிவித்தார். மாடி ஹாலில் விழா. நான்கு வாரம் இருந்தது. "நீங்களும் அக்காவும் வாசிக்காம எனக்கு என்ன விழா?" என்று டாக்டரம்மாவே வந்து சொன்னார். பல்செட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலையே அக்கா வீட்டில் ஒத்திகை.

பெட்டியை விரித்தார். அக்கா இரண்டு வரி பாடினாள். நிறுத்தினாள். மிஷினை விரலால் தட்டிப் பார்த்தாள். மறுபடி இரண்டு வரி.

"டேய், பெட்டிக்குள்ள தண்ணி புகுந்துடுச்சா?"

"ஏங்க்கா?"

"களகளன்னு கேக்குது. நடுவுல சத்தம் செத்துப் போகுது, திரும்ப வருது. எதைப் பிடிச்சுக்கிட்டுப் பாடுறதுன்னே தெரியல."

மூன்று நாள் பார்த்தார்கள். மூன்றாம் நாள் அக்கா பாட்டு நோட்டை மூடி மேசைக்குள் வைத்துவிட்டாள்.

"நான் பாடல தம்பி. காது நல்லா இருந்தப்பவே கால் இஞ்சு கீழ. இப்ப காதும் போச்சு. டாக்டரம்மா விழாவுல எல்லார் முன்னாடியும் மானம் போகணுமா? நீ தனியா வாசி. இனிமே எங்கயும் என்னைக் கூப்பிடாத."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். அக்கா இல்லாமல் வாசிப்பதை அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததே கிடையாது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார், "அவ காதுக்கு ஏத்த மாதிரி பெட்டியை மாத்துறேன் பாரு."

"அக்கா காதுக்குள்ள என்ன கேக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மனைவி. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருப்பவள். எதையும் நேராகக் கேட்கிற பழக்கம்.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். வாயில் அச்செடுக்கும் ரப்பர் பசையைக் குழைத்துத் தன் இரண்டு காதிலும் அடைத்து, இறுகியதும் எடுத்து ராவி மெருகேற்றினார். இளஞ்சிவப்பில் பளபளவென்று இரண்டு அடைப்பான்கள். மாட்டிக்கொண்டால் உலகமே போர்வைக்குள் போய்விடும். அக்காவுக்கு இப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, அவற்றை மாட்டிக்கொண்டே பெட்டியைப் பிரித்து வேலை செய்தார். மனைவி சாப்பிட நான்கு தடவை கூப்பிட்டுவிட்டு, ஐந்தாவது தடவை கரண்டியைக் காட்டினாள். கிளினிக்கில் டாக்டரம்மா, "மேல் பல் முடிஞ்சுதா?" என்று கேட்டதற்கு, "ஆமா, நல்ல வெயில்" என்றார்.

முதலில் முன்தகட்டைக் கழற்றிவிட்டு வாசித்தார். அடைத்த காதுக்குள் டக்டக் மட்டும் வந்தது. தகட்டை மாட்டி உள்பக்கம் கம்பளித் துணி வைத்தார். கூர்மை மழுங்கியது. ரீடுகளின் முன்னால் அட்டையில் ஒரு சின்ன அறை கட்டினார். சத்தம் நேரே வெளியே ஓடாமல் அதற்குள் சுற்றிவிட்டு வந்தது, கீச்செல்லாம் அங்கேயே தங்கிவிட்டது. ஆஹா! அடைத்த காதிலும் கும்மென்று, கனமாக, நெஞ்சை நிரப்பிக்கொண்டு கேட்டது. ஒன்பது நாள் உழைப்பு. துள்ளிக் குதித்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினார்.

அக்கா மிஷினைச் சரிசெய்துகொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"கிணத்துக்குள்ள விழுந்தவன் கத்துற மாதிரி இருக்கு. களகளப்பும் அப்படியே இருக்கு."

அவருக்குப் புரியவே இல்லை. வீட்டில் வந்து தலையைப் பிய்த்துக்கொண்டார். எவ்வளவு கனமாகக் கேட்டது! மனைவி ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவள், நிமிராமலே கேட்டாள்.

"வாசிச்சது யாரு?"

"நான்தான்."

"பெட்டி எங்க இருந்துச்சு?"

"என் நெஞ்சுலதான். வேற எங்க இருக்கும்?"

"காதை அடைச்சா என்ன, நெஞ்செலும்பு வழியா ஏறிக் கேக்காதா? குடுங்க இப்படி."

பெட்டியை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஒரே ஒரு கட்டையை அழுத்தி, கோபித்துக்கொண்டவள் மாதிரி பெட்டியை இழுத்தாள். பல்செட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து காதை அடைத்துக்கொண்டு கேட்டார். கும்மென்ற கனத்தைக் காணோம். எங்கேயோ பக்கத்து வீட்டில் மாவு மிஷின் ஓடுவது போல ஒன்று வந்தது. ஒன்பது நாளும் தன் விலா எலும்புக்காகப் பெட்டியைச் செய்துகொண்டிருந்திருக்கிறார். சிரிப்பை அடக்க மனைவி மிகவும் முயன்றாள், முடியவில்லை. அவரும் கொஞ்ச நேரத்தில் சேர்ந்துகொண்டார்.

மறுநாள் அடைப்பான்களை மேசை டிராயரில் போட்டுவிட்டு, காது மிஷின் கடைக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார், பெட்டியோடு. கடையில் இருந்தது ஒரு சின்னப் பெண். வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு கம்ப்யூட்டரில் அக்காவின் மிஷினை மாட்டிப் பார்த்தாள்.

"சார், இந்த மிஷின் சில நேரம் தானே விசில் அடிக்கும். அப்படி அடிச்சா உடனே அடக்கணும்னு அதுக்குச் சொல்லி வச்சிருக்கோம். உங்க பெட்டியோட நீளமான நடுங்குற சத்தத்தை அது தன்னோட விசில்னு நெனச்சுக்குது. அடக்கப் பாக்குது, முடியல, விடுது, திரும்ப அடக்குது. அம்மாவுக்குக் களகளன்னு கேக்குறது அதான். நான் பாட்டுக்குன்னு தனியா ஒரு செட்டிங் போட்டுத் தரேன். ஆனா பெட்டியும் கொஞ்சம் நடுங்காம இருந்தா நல்லது."

நடுங்காமல் இருப்பதா! அக்காவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

அன்று மாலை அட்டை அறையையும் துணியையும் பிய்த்தெறிந்தார். இரண்டாவது வரிசை ரீடுகளுக்குக் காற்றுப் போகும் துளைகளையெல்லாம் காகித டேப்பால் மூடினார். இப்போது ஒரு கட்டைக்கு ஒரே ரீடுதான் பேசும். அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வாசித்தார். சத்தம் பாதியாகியிருந்தது. நேராக, மொட்டையாக வந்தது. வேட்டி கட்டாமல் நிற்பது மாதிரி இருக்கிறதே என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது. அக்கா கண்ணை மூடிக் கேட்டாள்.

"கேக்குதுடா," என்றாள். "சுத்தமா கேக்குது."

நோட்டை எடுக்காமல், உட்கார்ந்தபடியே பாட ஆரம்பித்தாள். நான்கு வரி போனது. பல்செட்டுக்காரரின் கண் வழக்கம்போல ஏத்து என்று சொல்லப் போனது. ஆனால் ஏற்றுவதற்கு ஒன்றும் இல்லை. அக்காவின் குரலும் பெட்டியின் சத்தமும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

காது குறைந்தபிறகு மட்டும் எப்படிச் சரியாக நிற்கிறாள்? "ஒரு நிமிஷம்கா" என்று சமையலறைக்குப் போய் டேப்பைப் பிய்த்துவிட்டு வந்தார். அதே நான்கு வரி. அக்கா கீழே நின்றாள். கால் இஞ்சு. டேப்பை ஒட்டினார், சரியாக இருந்தது. பிய்த்தார், கீழே. போனில் சுருதி பார்க்கும் ஒரு ஆப் இருந்தது. அதை வைத்து முதல் வரிசையை அளந்தார், ஊசி நடுவில். அக்காவைத் தனியாக ஒரு சுரம் பிடிக்கச் சொன்னார், ஊசி நடுவில். முதல் வரிசைக்கு டேப் போட்டு இரண்டாவதை மட்டும் வாசித்தார். ஊசி ஓடிப்போய் வலது மூலையில் ஒட்டிக்கொண்டது.

அக்கா ஒருநாளும் கீழே நின்றதில்லை. அவர் சுரண்டிச் சுரண்டி ஏற்றிய முப்பத்து நான்கு ரீடுகள் மொத்தப் பெட்டியையும் மேலே இழுத்துக்கொண்டு போயிருந்தன. சரியாகப் பாடியவளை, கோணலாக நின்ற பெட்டியின் பக்கத்தில் நிறுத்தி, ஊரே கூடி அவளைக் கோணல் என்றது. அதில் முதல் ஆள் அவர்.

"என்னடா, முழிக்கிற? டீ போடட்டுமா?" என்றாள் அக்கா.

"வேண்டாம்கா. வேலை இருக்கு," என்று எழுந்து வந்துவிட்டார். வெட்கம்தான், வேறென்ன. முப்பது வருஷத்துத் தொண்டைக்கட்டும் வெந்நீரும் வழியெல்லாம் கூடவே வந்தன.

இரண்டு நாள் எப்படிச் சொல்வது என்று யோசித்தார். மூன்றாம் நாள் அக்காவே கிளினிக்கின் பின்னறைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஹெட்மாஸ்டரின் கீழ்ப்பல் மேசையில் பாதி முடிந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஊசி ஓடிய கதை வரை.

அக்கா அசையாமல் கேட்டாள். பிறகு காதிலிருந்து மிஷினைக் கழற்றி மேசையில், பல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் பதில் பேசினாலும் கேட்கப்போவதில்லை என்று உறுதி செய்துகொண்டு, பத்து நிமிஷம் பொரிந்து தள்ளினாள். எந்தெந்தக் கல்யாணத்தில் யார் என்ன சொன்னார்கள், எத்தனை நாள் கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பார்த்தாள், ஒரு தடவை ரேடியோவில் பாடக் கூப்பிட்டபோது சுருதி நிற்காது என்று பயந்து ஏன் போகவில்லை, எல்லாம் வந்தது. ரேடியோ விஷயம் அவருக்கு அன்றுவரை தெரியாது.

"கண்ணால வேற ஏத்து ஏத்துன்னு! எங்கடா ஏத்துறது, கூரைக்கா?"

மிஷினை எடுத்து மாட்டிக்கொண்டாள். "விழாவுக்கு வர்றதைப் பத்தி நான் யோசிக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். விழாவுக்குப் பத்து நாள் இருந்தது.

டேப் ஒட்டியே சமாளித்திருக்கலாம். ஆனால் பாதிச் சத்தம் அந்த ஹாலுக்குப் பற்றாது, நாற்காலி இழுக்கும் ஓசையிலேயே காணாமல் போகும். அக்காவுக்கு இரண்டு ரீடும் வேண்டும், இரண்டும் ஒரே சுருதியில் வேண்டும். அதாவது, ஏற்றியதையெல்லாம் இறக்க வேண்டும்.

"அந்த நடுக்கம்தானே உங்க அடையாளமே?" என்றாள் மனைவி. "யோசிச்சுக்குங்க. திரும்பச் சுரண்டி ஏத்த முடியுமா?"

"முடியாது. நாக்கு தேஞ்சுடும். ஒடிஞ்சிரும்."

"அக்கா வரலைன்னா?"

"வரலைன்னாலும் இறக்கணும்," என்றார் அவர். மனைவி விளக்கை இழுத்து அவர் கைக்குக் கிட்டே வைத்தாள்.

முப்பத்து நான்கு ரீடு, ஒவ்வொன்றிலும் இரண்டு நாக்கு. நாக்குக்கு அடியில் ஒரு மெல்லிய தகட்டைச் செருகித் தாங்கிக்கொண்டு, ஆணியடித்த பக்கம், அடியில், மயிரிழை மயிரிழையாகச் சுரண்டினார். மேசையில் ஊதிப் பார்த்தால் சரியாக இருக்கும், பெட்டிக்குள் மாட்டி முன்தகட்டை மூடினால் கொஞ்சம் விலகும். கழற்றி மறுபடி சுரண்ட வேண்டும். சின்ன நாக்குகள் கண் இமை அளவுதான், ஒரு சுரண்டு கூடினால் அதோகதி. ஒன்று ஒடிந்தே போனது. ஒரு பழைய உடைந்த பெட்டியிலிருந்து வேறு எடுத்துப் போட்டார். ஹெட்மாஸ்டருக்குப் பல் ஐந்து நாள் தாமதம். மனிதர் ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்றுகொண்டு தினம் ஆள் அனுப்பினார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பல்செட்டுக்காரர் சொன்ன நாளைத் தவறவிட்டார்.

எட்டாம் நாள் பெட்டி தயார். விரித்தார். இரண்டு ரீடும் ஒரே ஆள் போலப் பேசின. சத்தம் நிறைவாக, திடமாக, அசையாமல் நின்றது. அவருக்கே அது யாரோ வாசிப்பது போல இருந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது, சொல்வதற்கென்ன. அத்தானுக்குப் போன் போட்டார்.

"அக்கா என்ன சொல்றா அத்தான்?"

"என்கிட்ட ஒண்ணும் சொல்லல. ஆனா குளியலறையில பாடிட்டே இருக்கா. காலையில போனா பத்து மணிக்குத்தான் வெளிய வர்றா. நான் பக்கத்து வீட்டுக்குப் போய்க் குளிக்கிறேன்."

விழா அன்று ஹால் நிறைந்திருந்தது. டாக்டரம்மாவிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்கள், கட்டிக்கொண்டவர்கள், பயந்து ஓடியவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் ஹெட்மாஸ்டர், புதுக் கீழ்ப்பல்லோடு. மேடையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் பல்செட்டுக்காரர் பெட்டியோடு உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்செல்லாம் முடிந்து, பாட்டு என்று அறிவித்தாகிவிட்டது. இரண்டாவது நாற்காலி காலியாகவே இருந்தது.

அப்போது அத்தான் கதவைத் திறந்து பிடிக்க, அக்கா வந்தாள். நல்ல புடவை. நேராக மேடையேறி, நாற்காலியில் உட்காராமல் மைக்குக்குப் பின்னால் நின்றாள். தம்பியைப் பார்க்கவில்லை.

"சுருதி குடு," என்றாள்.

கொடுத்தார். ஹாலில் ஒரு சலசலப்பு. பெட்டிக்கு என்ன ஆயிற்று, நடுக்கத்தைக் காணோமே என்று இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா தலையை மட்டும் மெல்ல ஆட்டினாள். பாட ஆரம்பித்தாள்.

கழுத்து நரம்பு புடைக்கவில்லை. எம்பவில்லை. வீட்டில் துணி மடித்துக்கொண்டே பாடுகிறவள் மாதிரி பாடினாள். முதல் அடி முடிந்தது, இரண்டாவது முடிந்தது. மூன்றாவது அடி தொடங்கும் இடத்தில் பல்செட்டுக்காரர் கட்டைகளிலிருந்து கையை எடுத்தார். முன்யோசனை எதுவும் இல்லை, கை தானாக நின்றுவிட்டது. அக்கா ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். அவர் பெட்டியை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார். அக்கா தனியாகப் போனாள். ஹாலில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை. ஒரு முழு அடி, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல், ஏறி, இறங்கி, கடைசிச் சுரத்தில் வந்து நின்றாள். நின்றபடியே நீட்டினாள். அவர் பெட்டியைத் திறந்து அந்தச் சுரத்தை அழுத்தினார். இரண்டும் ஒன்றாக இருந்தன. பெட்டி எப்போது சேர்ந்தது என்று பலருக்குத் தெரியவே இல்லை.

கைதட்டல் அடங்கவே நேரம் ஆனது. டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹெட்மாஸ்டர் வழக்கம்போல மேடைக்கு ஏறி வந்தார்.

"அம்மா, இன்னிக்குச் சுருதி ஒரு இழை அசையல. எப்படி இன்னிக்கு மட்டும்?"

அக்கா தம்பியைப் பார்த்தாள், அன்று முதல் தடவையாக நேருக்கு நேராக, நன்றாக.

பல்செட்டுக்காரர் எழுந்தார். பெட்டி நெஞ்சில் கனத்தது.

"இன்னிக்கு மட்டும் இல்ல சார். முப்பது வருஷமா அக்கா சரியாத்தான் பாடினா. தப்பு என் பெட்டியில இருந்துச்சு. நான் பண்ணின தப்பு."

ஹெட்மாஸ்டர் வாயைத் திறந்தார். புதுப் பல் முழுவதும் தெரிந்தது.

அக்கா ஒரு விரலால் காது மிஷினைத் தட்டினாள். கண் நிறைந்திருந்தது, உதடு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

"மிஷின்ல சரியா விழல தம்பி," என்றாள். "மைக்குல சொல்லு."

அவர் மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டு, ஹாலின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, மறுபடி முதலிலிருந்து சொன்னார்.